அந்தப் புத்தகம் எப்படிக் கைக்கு வந்தது? துறையூர் வாசகர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள துறையூர் வாசகர்களுக்கு,

ஊரிலேயே இருப்பவர்கள், உப்பிலியபுரத்திலிருந்தும் முசிறியிலிருந்தும் பஸ் ஏறி வருகிறவர்கள், வேலைக்காகத் திருச்சிக்கோ பெங்களூருக்கோ போய்விட்டுப் பொங்கலுக்கு மட்டும் தலைகாட்டுகிறவர்கள், எல்லோருக்கும் சேர்த்தே இந்த மடல்.

சின்ன வயதில் படித்ததில் மறக்க முடியாத கதை எது என்று ஒருவர் ஆரம்பித்தால் போதும், டீ ஆறிவிடும். ஒருவர் வந்தியத்தேவன் என்பார். அடுத்தவர் சுஜாதாவின் கணேஷ், வசந்த் என்பார். அறுபதைத் தாண்டிய ஒருவர் எந்தத் தயக்கமும் இல்லாமல் இரும்புக்கை மாயாவி என்பார். தமிழ்வாணனின் சங்கர்லால் குடித்த தேநீரையும் சாண்டில்யன் வர்ணனைகளையும் சொல்லிச் சிரிப்பார்கள். ‘மோகமுள்’ யமுனாவைப் பற்றிப் பேச்சு வந்தால் மட்டும் குரல் கொஞ்சம் தாழும். சிறுவயதில் படித்தது இன்று படித்தால் அதே சுகம் தருமா என்று ஒரு வழக்கு எழும். தீர்ப்பு வராமலே எல்லோரும் எழுந்து போவார்கள்.

இந்தப் பேச்சில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இந்தப் பட்டியலை அப்படியே மதுரைக்கோ கோவைக்கோ கொண்டுபோனால் அங்கும் இதே பெயர்கள்தான் இருக்கும். துறையூருக்கென்று இருப்பது பெயர்ப் பட்டியலில் இல்லை. அந்தப் புத்தகம் யார் வழியாக, எந்த வடிவத்தில், எந்த வயதில் கைக்கு வந்து சேர்ந்தது என்பதில் இருக்கிறது. அந்தக் கேள்வியைத்தான் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. கேட்கச் சொல்வதுதான் இந்த மடலின் வேலை.

‘பொன்னியின் செல்வ’னையே எடுத்துக்கொள்ளுங்கள். கல்கி அதைத் தன் வார இதழில் 1950 அக்டோபரில் தொடங்கி 1954 வரை எழுதினார். அதை வாராவாரம் காத்திருந்து படித்தவர்களுக்குக் கதையோடு மணியம் வரைந்த ஓவியங்களும் சேர்ந்தே வந்தன. குந்தவை இப்படித்தான் இருப்பாள், நந்தினியின் கொண்டை இப்படித்தான் இருக்கும் என்பதை அவர்களுக்குச் சொன்னது மணியத்தின் தூரிகை. வீட்டில் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்த ஒரு பிள்ளை உரக்கப் படிக்க, பாட்டி முதல் பக்கத்து வீட்டு அக்கா வரை சுற்றி உட்கார்ந்து கேட்ட காலம் அது. அன்று பத்து வயதில் படித்துக் காட்டிய அந்தப் பிள்ளை இன்று எண்பதைத் தாண்டியவர்.

அடுத்த தலைமுறைக்கு அதே நாவல் பைண்டு செய்த தொகுதியாக வந்தது. 1999இல் கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமையான பிறகு பல பதிப்பகங்கள் மலிவுப் பதிப்புகள் போட்டன. அப்போது அது கல்யாணப் பரிசாகக்கூட வந்தது. 2022இலும் 2023இலும் மணிரத்னத்தின் இரண்டு படங்கள் வந்தபோது, படம் பார்த்துவிட்டுப் புத்தகத்தைத் தேடிய பிள்ளைகள் ஏராளம். சிலர் இன்னும் புத்தகத்தைத் தொடவில்லை. பஸ்ஸில் காதில் மாட்டிக்கொண்டு ஒலிப்புத்தகமாகக் கேட்கிறார்கள். ஐந்து பாகமும் ஒன்றுதான், படித்த அனுபவம் ஒன்றல்ல. மூன்றரை ஆண்டு காத்திருந்து ஆதித்த கரிகாலனின் சாவை அறிந்தவரும், ஒரு கோடை விடுமுறையில் ஐந்து பாகத்தையும் முடித்தவரும் ஒரே நாவலைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று எப்படிச் சொல்வது?

அந்தப் பழைய பைண்டு ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். இதழிலிருந்து கிழித்தெடுத்த தாள்கள். முதுகில் காலிகோ துணி. உள்ளே ஊசி போட்டுத் தைத்த கனத்த நூல். பக்க எண்கள் பதினேழிலிருந்து இருபத்தைந்துக்குத் தாவி, மறுபடி பதினேழுக்கே திரும்பும், ஏனென்றால் ஒவ்வொரு வாரமும் இதழின் பக்க எண் புதிதாகத் தொடங்கும். அத்தியாயம் முடிகிற தாளின் பின்பக்கம் கூந்தல் தைல விளம்பரமோ பாதி வெட்டுப்பட்ட சிரிப்புத் துணுக்கோ இருக்கும். நடுவில் ஒரு வாரம் விட்டுப்போயிருந்தால் அங்கே பென்சிலில் கதைச் சுருக்கம் எழுதி ஒட்டியிருப்பார்கள். முதல் தாளில் பெயர், ஊர், தேதி, அதன் கீழே இரவல் வாங்கியவர் திருப்பித் தர வேண்டும் என்று ஒரு கண்டிப்பு. அச்சான எந்தப் பதிப்பிலும் இல்லாத தகவல் இதில் இருக்கிறது. யார் வீட்டுக் காசில் இதழ் வந்தது, யார் கத்தரித்தார்கள், எந்த பைண்டர் தைத்தார், எத்தனை வீடு சுற்றியது என்பதெல்லாம் அந்தத் தாள்களில் ஒட்டிக்கொண்டிருக்கும்.

நூலகப் புத்தகத்துக்கும் இப்படி ஒரு ஜாதகம் உண்டு. கடைசிப் பக்கத்தில் ஒட்டிய தேதித்தாளில் ஊதா மையில் குத்திய முத்திரைகளைப் பாருங்கள். மே மாதத்தில் நெருக்கமாக இருக்கும். ஜூனில் பள்ளிக்கூடம் திறந்ததும் இடைவெளி விழும். ஓரங்களில் முன்பு படித்தவர்களின் சண்டை நடக்கும். காதல் காட்சிக்குப் பக்கத்தில் ஒருவர் ‘ஆஹா’ என்று எழுதியிருப்பார், இன்னொருவர் அதற்குக் கீழே ‘வெட்கமாக இல்லையா’ என்று கேட்டிருப்பார். துப்பறியும் நாவல் என்றால் இன்னும் கொடுமை. மூன்றாம் பக்கத்திலேயே கொலைகாரன் பெயரை எழுதிவைத்துவிட்டுப் போன புண்ணியவான் எல்லா ஊரிலும் ஒருவர் இருந்திருக்கிறார்.

அந்த நூலகம் ஏதோ அரசு தந்த கொடை என்று நினைப்பவர்கள் உண்டு. இந்தியாவிலேயே முதன்முதலில் பொது நூலகத்துக்குச் சட்டம் போட்ட மாகாணம் சென்னை, ஆண்டு 1948. சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் பல ஆண்டு முயன்று கொண்டுவந்த சட்டம் அது. அதற்கு முன்பே 1931இல் மன்னார்குடிப் பக்கம் மேலவாசலில் மாட்டுவண்டியில் புத்தகம் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோன முயற்சிக்கும் துணை நின்றவர் அவர். சட்டத்தின்படி உள்ளாட்சிகள் சொத்து வரியோடு நூலக வரியும் வாங்குகின்றன. இன்று அது ரூபாய்க்குப் பத்துப் பைசா. துறையூர் நகராட்சியில் வீட்டு வரி கட்டும் ஒவ்வொருவரும் நூலகத்துக்கும் பணம் கட்டுகிறார். அந்த அலமாரியில் இருப்பது உங்கள் வீட்டுப் புத்தகம்தான்.

நூலகத்துக்குப் போகாதவர்களுக்குப் பஸ் நிலையம் இருந்தது. கம்பியில் கிளிப் போட்டுத் தொங்கிய மாத நாவல்களை மறந்துவிட்டு இந்த ஊரின் வாசிப்பைப் பேச முடியாது. 1969இல் ‘ராணி முத்து’ ஒரு ரூபாய்க்கு ஒரு முழு நாவல் என்று வந்தது, அகிலனும் மு.வ.வும் வாங்கும் விலைக்கு வந்தார்கள். பிறகு ‘மாலைமதி’, ‘பாக்கெட் நாவல்’, ‘க்ரைம் நாவல்’. ராஜேஷ்குமார், பட்டுக்கோட்டை பிரபாகர், சுபா. துறையூரிலிருந்து திருச்சிக்கு நாற்பத்தைந்து கிலோமீட்டர் சொச்சம். ஜன்னலோர இடம் கிடைத்தால், சத்திரம் பஸ் நிலையத்தில் இறங்குவதற்குள் கொலை நடந்து, சந்தேகம் மூன்று பேர் மேல் விழுந்து, நாலாவது ஆள் பிடிபட்டுவிடுவான். தினமும் கல்லூரிக்குப் போய்வந்த பிள்ளைகள் வாரத்துக்கு நாலைந்து நாவல் முடித்தார்கள் என்றால் அது மிகையே இல்லை.

ஆனால் பேச்சில் இந்த மாத நாவல் எழுத்தாளர்கள் பெயர் வரும்போதெல்லாம் ஒரு மன்னிப்பும் கூடவே வருகிறது. ‘அப்போ ராஜேஷ்குமார் படிச்சுட்டிருந்தேன், அப்புறம்தான் நல்ல இலக்கியத்துக்கு வந்தேன்’ என்று. ரமணிசந்திரனைப் படித்தவர்கள் அதைச் சொல்வதே இல்லை. இந்தக் கூச்சத்தைக் கொஞ்சம் ஒதுக்கிவையுங்கள். நூறு ஆண்டுக்கு முன்பு வடுவூர் துரைசாமி ஐயங்காரையும் ஆரணி குப்புசாமி முதலியாரையும் பெரியவர்களுக்குத் தெரியாமல் படித்தவர்கள்தான் பின்னால் கல்கிக்கு வாசகர்களானார்கள். இலக்கியத் தரம் பற்றிய வாதம் வேறு, அதை விமர்சகர்கள் நடத்தட்டும். ஒரு ஊர் எதைப் படித்தது என்ற கணக்கில் பக்கத்தைக் கிழித்துவிடக் கூடாது.

சோவியத் ஒன்றியத்திலிருந்து இன்னொரு வரவும் உண்டு. நியூ செஞ்சுரி புத்தக நிறுவனத்தின் வேன் சிறிய ஊர்களுக்குக்கூட வந்து நின்ற காலத்தில், மாஸ்கோவில் தமிழிலேயே அச்சான புத்தகங்கள் நம்ப முடியாத விலைக்குக் கிடைத்தன. கெட்டி அட்டை, வழவழப்பான தாள், வண்ணப்படம். ரா. கிருஷ்ணையா, பூ. சோமசுந்தரம், நா. தர்மராஜன் என்று அங்கே போய் உட்கார்ந்து மொழிபெயர்த்தவர்களின் தமிழில் தஸ்தயெவ்ஸ்கியும் ஐத்மாத்தவும் வந்தார்கள். கிர்கிஸ் மலைக் கிராமத்தில் நடக்கும் ‘முதல் ஆசிரிய’ரைப் பச்சைமலை அடிவாரத்துப் பிள்ளை ஒன்று படித்து, தன் பள்ளி ஆசிரியரை நினைத்துக்கொண்டால் அதில் வியப்பில்லை. 1991இல் சோவியத் ஒன்றியம் கலைந்ததும் அந்த வரத்து நின்றது. ஐம்பது வயதுக்குக் கீழே இருப்பவர்களிடம் இதைச் சொன்னால் கதை விடுவதாக நினைப்பார்கள்.

குழந்தைகளுக்குக் கிடைத்தது தனிக் கதை. 1947 ஜூலையில் தொடங்கிய ‘அம்புலிமாமா’வில் விக்கிரமனும் வேதாளமும் சங்கரின் கோடுகளில் உயிர்பெற்றார்கள். அரிமளத்தில் பிறந்த வாண்டுமாமா ‘பூந்தளி’ரில் ஒரு தலைமுறையையே கட்டிப்போட்டார். 1972இல் சிவகாசியிலிருந்து ‘முத்து காமிக்ஸ்’ இரும்புக்கை மாயாவியோடு புறப்பட்டது. 1984இல் ‘லயன் காமிக்ஸ்’ சேர்ந்துகொண்டது. மாயாவி லண்டனில் மின்சாரத்தைத் தொட்டு மறைவதைப் படித்துவிட்டு, ப்ளக் பாயிண்டைச் சந்தேகத்தோடு பார்த்த பிள்ளைகள் இன்று பென்ஷன் வாங்குகிறார்கள். ஒரு காமிக்ஸுக்கு இரண்டு கோலிக்குண்டு, இரண்டு காமிக்ஸுக்கு ஒரு பம்பரம் என்று தெருவில் நடந்த பண்டமாற்று விகிதங்கள் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

வீட்டுப் பெண்கள் எப்படிப் படித்தார்கள் என்பதையும் கேளுங்கள். இங்கே துறையூருக்குப் பெருமைப்பட இரண்டு பெயர்கள் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. ராஜம் கிருஷ்ணன் பிறந்தது முசிறியில், 1925இல். நீலகிரிப் படகர்களோடு பழகிக் ‘குறிஞ்சித்தேன்’ எழுதினார். தூத்துக்குடி உப்பளங்களுக்கே போய்ப் பார்த்துக் ‘கரிப்பு மணிகள்’ எழுதினார். ‘வேருக்கு நீர்’ நாவலுக்கு 1973இல் சாகித்திய அகாதெமி விருது. தொட்டியத்தில் வளர்ந்த திரிபுரசுந்தரி, ‘லக்ஷ்மி’ என்ற பெயரில் எழுதியே மருத்துவப் படிப்புக்குப் பணம் தேடினார். டாக்டரானார், தென்னாப்பிரிக்காவில் பல ஆண்டு வாழ்ந்தார், 1984இல் ‘ஒரு காவிரியைப் போல’ நாவலுக்கு அகாதெமி விருது பெற்றார். இவர்களுடைய தொடர்களை மத்தியானம் பாத்திரம் கழுவிய கையோடு, அடுத்த வீட்டுக்காரர் கேட்பதற்குள் முடிக்க வேண்டுமென்று படித்த அம்மாக்களும் அத்தைகளும் ‘எனக்குப் பிடித்த நாவல்’ என்று பொது இடத்தில் பேச அழைக்கப்பட்டதே கிடையாது. பேச்சு பெரும்பாலும் ஆண்கள் கூட்டத்திலேயே சுற்றுகிறது. அந்தப் பெண்களிடம் போய் உட்கார்ந்து கேட்டால், எந்தத் தொடருக்காக எந்த இதழை மாற்றினார்கள், எந்த முடிவு பிடிக்காமல் பத்திரிகைக்குக் கடிதம் போட்டார்கள் என்பதெல்லாம் வெளியே வரும்.

இனி, உங்கள் ஊரின் சங்கதி. துறையூர்க்காரர்களே துறையூர்க்காரர்களிடம் சொல்லாமல் விட்டது இது.

1940களில் தமிழ்ச் சிறுகதைக்கும் வசன கவிதைக்கும் இடம் கொடுத்த முக்கியமான இதழ்களில் ஒன்று உங்கள் ஊரிலிருந்து வந்தது. பெயர் ‘கிராம ஊழியன்’. முதலில் அது தேசிய இயக்கச் சார்புள்ள அரசியல் பத்திரிகை. ‘மணிக்கொடி’ இதழ் 1930களின் கடைசியில் நின்றுபோய், அதில் எழுதியவர்கள் போக்கிடம் தேடிக்கொண்டிருந்த நேரம். உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. காகிதத்துக்குத் தட்டுப்பாடு, அரசின் கட்டுப்பாடு வேறு. அந்த நெருக்கடியிலும் திருச்சி வட்டாரத்தில் இரண்டு இலக்கிய இதழ்கள் துணிந்து நின்றன. ஒன்று, 1942இல் சாலிவாகனன் திருச்சியில் தொடங்கிய ‘கலாமோகினி’. மற்றது, 1943இல் இலக்கிய இதழாக உருமாறிய துறையூர் ‘கிராம ஊழியன்’.

திருலோக சீதாராம் அதன் ஆசிரியராக இருந்தார். தொண்டைமான்துறைக்காரர், பாரதியின் கவிதைகளை மனப்பாடமாகச் சொல்லக்கூடிய பக்தர். அவரோடு கும்பகோணத்து கு.ப. ராஜகோபாலன் சேர்ந்தார். கண்பார்வை மங்கி, ஒரு காலத்தில் சொல்லச் சொல்லப் பிறரை எழுதவைத்த கு.ப.ரா., தன் கடைசிக் காலத்துச் சக்தியையெல்லாம் இந்த இதழுக்குத்தான் கொடுத்தார். ‘பாரத்வாஜன்’, ‘கரிச்சான்’ என்று பல பெயர்களில் எழுதினார். அந்தக் ‘கரிச்சான்’ மேல் இருந்த பிரியத்தால்தான் ஆர். நாராயணசாமி தன்னைக் ‘கரிச்சான் குஞ்சு’ ஆக்கிக்கொண்டார். 1944 ஏப்ரல் 27 அன்று, கால்கள் அழுகும் நோயில் கு.ப.ரா. கும்பகோணத்தில் மறைந்தார். வயது நாற்பத்திரண்டு.

அந்த ஆண்டிலேயே வல்லிக்கண்ணன் ‘கிராம ஊழிய’னில் பொறுப்பேற்றார். திருநெல்வேலிப் பக்கம் ராஜவல்லிபுரத்துப் பிள்ளை. எழுத்தை மட்டுமே நம்பிப் பிழைப்பது என்று அரசாங்க வேலையை உதறியவர். 1947 வரை இதழைக் கொண்டுசெலுத்தினார். பக்கம் நிரம்ப வேண்டும், எழுதுகிறவர்களோ கைவிரல் எண்ணிக்கை. ஆகவே அவரே ‘நையாண்டி பாரதி’ ஆனார், ‘கோரநாதன்’ ஆனார், இன்னும் பல பெயர்களில் புகுந்து விளையாடினார். ந. பிச்சமூர்த்தியின் கவிதைகள் இங்கே வந்தன. பின்னாளில் ‘புதுக்கவிதையின் தோற்றமும் வளர்ச்சியும்’ என்ற நூலுக்காக 1978இல் வல்லிக்கண்ணன் சாகித்திய அகாதெமி விருது பெற்றபோது, அந்த வரலாற்றில் ‘கிராம ஊழிய’னுக்கும் ஒரு இடம் இருந்தது. அவர் எழுதிய ‘தமிழில் சிறு பத்திரிகைகள்’ நூலிலும் உங்கள் ஊர் இருக்கிறது.

யமுனாவுக்காகக் குரலைத் தாழ்த்துகிறவர்களுக்கு ஒரு செய்தி. தி. ஜானகிராமனின் முதல் நாவல் ‘அமிர்தம்’ தொடராக வந்தது ‘கிராம ஊழிய’னில்தான். அப்போது அவர் இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த பள்ளி ஆசிரியர். தாசிக் குலத்தில் பிறந்து, அந்த வாழ்க்கை வேண்டாம் என்று நிற்கும் ஒரு பெண்ணின் கதை. ‘மோகமு’ள்ளும் ‘அம்மா வந்தா’ளும் எழுதிய கை, நாவல் என்று முதலில் எழுதிப் பழகிய பக்கங்கள் துறையூரிலிருந்து போனவை. தமிழ்நாட்டில் எத்தனை தாலுகாத் தலைநகரங்கள் இப்படிச் சொல்லிக்கொள்ள முடியும்?

சுஜாதா ரசிகர்களும் விலகி நிற்க வேண்டியதில்லை. திருலோக சீதாராம் பின்னர் திருச்சியில் ‘சிவாஜி’ இதழை நடத்தினார். ஹெர்மன் ஹெஸ்ஸேயின் ‘சித்தார்த்தா’வைத் தமிழுக்குக் கொண்டுவந்தவரும் அவரே. அந்தச் ‘சிவாஜி’யில் 1953இல் ஒரு கல்லூரி மாணவரின் சிறுகதை வந்தது. எழுதியவர் ஸ்ரீரங்கம் கீழச்சித்திரை வீதியில் பாட்டி வீட்டில் வளர்ந்த எஸ். ரங்கராஜன். பின்னால் ‘நைலான் கயிறு’ முதல் ‘என் இனிய இயந்திரா’ வரை எழுதிய அதே சுஜாதா. அந்த இதழின் பிரதி தன்னிடமே இல்லை என்று அவர் பிற்காலத்தில் வேடிக்கையாகப் புலம்பி எழுதியிருக்கிறார். துறையூரில் பத்திரிகைத் தொழில் செய்த ஒரு கவிஞர் திருச்சியில் நடத்திய இதழில், ஸ்ரீரங்கத்துப் பையன் அச்சில் தன் எழுத்தைப் பார்த்தான். இந்தத் தொடர்பு தெரிந்தபின் ‘ஸ்ரீரங்கத்துத் தேவதைக’ளை எடுத்தால், அதில் வரும் ரங்கு கடை துறையூருக்கும் கொஞ்சம் பக்கமாகிவிடும்.

எழுதியவரே தன் முதல் கதை வந்த இதழைத் தேட வேண்டியிருந்தது என்றால், படித்தவர்களின் கதி என்ன? புத்தகமாக வந்தவை எப்படியோ தப்பிவிடுகின்றன. இதழ்கள் எடைக்குப் போய்விடுகின்றன. சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருப்பதே, கோட்டையூரில் ஒரு தனி மனிதர் பழைய தாளையெல்லாம் வாங்கிச் சேர்த்ததால்தான். உங்களுக்கு இன்னும் பக்கத்தில், புதுக்கோட்டையில், ஞானாலயா நூலகம் இருக்கிறது. அதுவும் தனி மனித உழைப்பில் வளர்ந்ததுதான். இதழ்களை இவர்கள் காப்பாற்றினார்கள். அவற்றை யார், எங்கே, எப்படிப் படித்தார்கள் என்பதைக் காப்பாற்ற எந்த அலமாரியும் இல்லை. அது படித்தவர்களின் நினைவில் மட்டும் இருக்கிறது.

அந்த நினைவுகளைச் சேர்ப்பது ஏதோ பொழுதுபோக்கு ஆசை என்று நினைக்க வேண்டாம். பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1996இல் ஒரு வேலையைத் தொடங்கியது. 1450 முதல் 1945 வரை அங்கே மக்கள் எதை, எப்போது, எங்கே படித்தார்கள் என்பதற்கான சான்றுகளைக் கடிதங்களிலிருந்தும் நாட்குறிப்புகளிலிருந்தும் திரட்டுவது. பல்லாயிரம் பதிவுகள் சேர்ந்தன. தமிழில் ஆ. இரா. வேங்கடாசலபதி ‘நாவலும் வாசிப்பும்’ நூலில், தொடக்க கால நாவல்களை நம்மவர்கள் எப்படிப் படித்தார்கள் என்பதை அலசியிருக்கிறார். கூடி உட்கார்ந்து உரக்கப் படிப்பதிலிருந்து தனியாக மனசுக்குள் படிப்பதற்கு நாம் நகர்ந்த கதை அது. அந்த வரலாற்றின் அடுத்த அத்தியாயங்களுக்கான சரக்கு உங்களிடம் இருக்கிறது. பல்கலைக்கழகத்தில் தேடினால் அது கிடைக்காது.

ஆகவே சில வேண்டுகோள்கள். அடுத்த முறை பேச்சு கூடும்போது, பிடித்த நாவல் எது என்ற கேள்வியோடு நிறுத்திவிடாதீர்கள். யார் கொடுத்தார்கள் என்று கேளுங்கள். வார இதழா, பைண்டா, மாத நாவலா, நூலகப் பிரதியா, வாடகைப் புத்தகக் கடையா என்று கேளுங்கள். எங்கே உட்கார்ந்து படித்தீர்கள், யாருக்குத் தெரியாமல் படித்தீர்கள், படித்து முடித்ததும் யாரிடம் கொடுத்தீர்கள் என்றும் கேளுங்கள். ஒருவர் கேட்க ஒருவர் சொல்ல, கைப்பேசியில் பதிவு செய்துகொண்டால் போதும். சொல்பவர் வயதையும் தெருவையும் மறக்காமல் குறித்துக்கொள்ளுங்கள். வயது முதிர்ந்தவர்களிலிருந்து தொடங்குங்கள்; ‘கிராம ஊழியன்’ வந்த காலத்தில் எழுத்துக்கூட்டிக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கு இப்போது தொண்ணூறை ஒட்டிய வயது.

ஆசிரியர்களிடம் ஒரு தனி வேண்டுகோள். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் புத்தக மதிப்புரை கேட்பதற்குப் பதிலாக, வீட்டில் இருக்கும் மூத்தவர் ஒருவரிடம் இந்தக் கேள்விகளைக் கேட்டு ஒரு பக்கம் எழுதிவரச் சொல்லுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகளையும் விட வேண்டாம். பிறர் படிக்கக் கேட்டவர்களும் வாசகர்களே. ஒரு வகுப்பில் நாற்பது பக்கம் கிடைக்கும். அந்த நாற்பதையும் படித்துப் பார்க்கும் ஆசிரியருக்கு ஊரைப் பற்றித் தெரியாதது பல தெரியவரும்.

நூலகத்துக்கு வருகிறவர்கள் நூலகரிடம் கேளுங்கள். கழித்துக்கட்டும் பழைய பிரதிகளை எடைக்குப் போடும் முன் அந்தத் தேதித்தாள்களையாவது படம் எடுத்து வைக்கலாமே. உள்ளூர் எழுத்துக்கென்று ஒரு தட்டு ஒதுக்கச் சொல்லுங்கள். அதில் ராஜம் கிருஷ்ணனும் லக்ஷ்மியும் வல்லிக்கண்ணனும் ‘அமிர்த’மும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கட்டும். புதிய கட்டடமோ பெரிய நிதியோ இதற்குத் தேவையில்லை. ஒரு தட்டும் ஒரு பெயர்ப்பலகையும் போதும்.

கடைசியாக, பழைய வீடு இடிக்கிறவர்களுக்கு. பரணில் இருக்கும் டிரங்குப் பெட்டியைத் திறக்காமல் யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். அதில் மஞ்சளடித்த ஒரு ‘கிராம ஊழியன்’ இருக்கக்கூடும். கிடைத்தால் இதழின் தேதி, எண், விலை, கடைசிப் பக்கத்தில் அச்சகத்தின் பெயர் எல்லாம் தெரியும்படி படம் எடுங்கள். இதழைப் புதுக்கோட்டைக்கோ சென்னைக்கோ பாதுகாப்பாகக் கொடுத்துவிட்டு, ஒரு நகலை ஊர் நூலகத்திலேயே வையுங்கள். ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் 14 முதல் 20 வரை தேசிய நூலக வார விழா வருகிறது. வழக்கமான பேச்சுப் போட்டியோடு, இந்த முறை சேர்த்த நினைவுகளை அங்கே ஒரு மாலை வாசிக்கலாம். முதல் வரிசை அம்மாக்களுக்கும் பாட்டிகளுக்கும். மைக் முதலில் அவர்களிடமே போகட்டும்.

அன்புடன்,
ஒரு வாசகர்